இடது கை நோவுக்கு நான் சொன்ன பிடி

என் அருமை மச்சான் முனிரத்தினத்துக்கு,

ஞாயிற்றுக்கிழமைதோறும் தகரக் கொட்டகைப் பலகையில் நான் ஒரு காகிதம் ஒட்டுவேனே, ஞாபகம் இருக்கிறதா? என்னையும் உன்னையும் போல சுமாராக கோல்ஃப் ஆடுகிறவர்களுக்கு வாரம் ஒரு யோசனை. ‘ஐந்து மட்டை போதும், பதினாலு வேண்டாம்.’ ‘புதுப் பந்து வாங்காதே, புதரில் தேடு.’ இந்த வாரம் அந்த இடத்தில் இந்தக் கடிதத்தை ஒட்டப்போகிறேன். எழுதுவது உனக்குத்தான். ஆட வருகிறவர்கள் நின்று படித்தால் படிக்கட்டும். அவர்களும் படிக்கவேண்டிய விஷயம்தான்.

நீ போய்ப் பதினோரு மாதம் ஆகிறது. இங்கே பெரிதாக எதுவும் மாறவில்லை. ஆறு குழி ஆறாகவே இருக்கிறது. அமெரிக்கா போன பிள்ளைகள் திரும்பி வந்து சித்தூருக்கும் திருப்பதிக்கும் நடுவில் கோல்ஃப் மைதானத்தோடு வில்லா வாங்குவார்கள் என்று லேஅவுட் போட்ட முதலாளி இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறார். வந்தவர்கள் எல்லாம் பெங்களூரில் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். போன வாரம் கோடை மழை ஒன்று பெய்தது. மூன்றாவது குழிக்குப் போகும் மேட்டில் கொஞ்சம் புல் பச்சை காட்டுகிறது. அங்கே இருக்கும் புளியமரத்தின் பக்கம் மட்டும் நான் போவதில்லை. புல் வெட்டும் வண்டியை ஓட்டிக்கொண்டு போனாலும் சுற்றித்தான் போகிறேன். அந்த மரத்தடியில் முழங்கால் உயரத்துக்குப் புல் வளர்ந்து கிடக்கிறது. முதலாளி கேட்டால் என்ன சொல்வதென்று தெரியவில்லை.

உன் மட்டைகள் வீட்டில் பத்திரமாக இருக்கின்றன. ஏழாம் நம்பர் இரும்பு மட்டையை மட்டும் என் தங்கச்சி அமுதா கதவுக்குப் பின்னால் சாத்தி வைத்திருக்கிறாள். குரங்கு விரட்ட. நீ இருக்கும்போதே இதற்குத்தான் அது லாயக்கு என்று சொல்வாள். இப்போது அதைக் கையில் எடுத்தால் குரங்கு ஓடியபிறகும் கொஞ்ச நேரம் அப்படியே பிடித்துக்கொண்டு நிற்கிறாள். நான் பார்க்காத மாதிரி இருந்துவிடுகிறேன்.

நாம் கோல்ஃப் ஆடினோம் என்று நம் ஊர் நகரியில் சொன்னால் யார் நம்புவார்கள், மச்சான்? பக்கத்துப் பக்கத்து வீடு நமக்கு. விசைத்தறி ஒவ்வொன்றாக நின்றபோது நான் துபாய்க்குப் போனேன், நீ சித்தூரில் மாம்பழக் கூழ் ஃபேக்டரிக்குப் போனாய். போகிற போக்கில் என் தங்கச்சியையும் கட்டிக்கொண்டு போனாய். சிநேகிதன் மச்சானாகிவிட்டால் கிண்டலுக்குக் கேட்பார் ஏது? உன் தொப்பையை, உன் நடையை, நீ பயந்த பல்லியை, எதையும் நான் விட்டதில்லை. நீயும் சளைத்தவன் இல்லை. துபாயில் பத்து வருஷம் புல் பிடுங்கிவிட்டு வந்தவன் என்று எல்லார் முன்னாலும் சொல்வாய்.

அது பொய்யும் இல்லை. அங்கே நான் செய்தது புல் வெட்டும் வேலைதான். வெள்ளிக்கிழமை காலையில் வேலைக்காரர்களையும் கொஞ்ச நேரம் ஆட விட்டார்கள். அதில் கற்றதுதான் என் படிப்பெல்லாம். ஊருக்கு வந்து இந்த மைதானத்தில் சூப்பர்வைசரானதும் டாக்டர், கிரானைட் முதலாளி, ஸ்கூல் நடத்துகிறவர் எல்லாரும் என்னை கோச் என்று கூப்பிட்டார்கள். ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை. அந்தப் பெயர் எனக்குப் பிடித்துப்போனது. இன்றைக்கு ஒப்புக்கொள்கிறேன், ரொம்பவே பிடித்துப்போனது.

சர்க்கரை வியாதிக்காக உன்னை நடக்கச் சொல்லியிருந்தார்கள். சும்மா நடக்க நான் என்ன கிறுக்கனா என்று கேட்டாய். பந்தை அடித்துவிட்டுத் தேடிக்கொண்டு போ, நடந்த மாதிரியும் ஆச்சு என்று நான்தான் இழுத்து வந்தேன். ஈரத் துணி பிழிகிற மாதிரி மட்டையைப் பிடிக்காதே என்றேன். முழு வீச்சு நமக்கு வராது, அரை வீச்சில் நேராகப் போனால் போதும் என்றேன். வீட்டில் ஜமக்காளத்தில் டம்ளரைச் சாய்த்து வைத்து, தினம் இருபது பந்து அதில் உருட்டு என்றேன். நீ நாற்பது உருட்டினாய். அமுதாவின் எவர்சில்வர் டம்ளர் ஒன்றுகூட ஒழுங்காக மிஞ்சவில்லை. நான் சொன்னதை எல்லாம் அப்படியே கேட்டாய், மச்சான். அதுதான் இப்போது என்னைத் தின்கிறது.

அந்த வைகாசி வியாழக்கிழமை சாயங்காலம் வந்தாய். வெயிலில் தரை கல்லாகிக் கிடந்தது. நாலு பந்து அடித்துவிட்டு இடது தோளைப் பிடித்துக்கொண்டாய்.

“மச்சான், இந்தக் கையி நோவுது. தோள்லருந்து முட்டி வரைக்கும் இழுக்குது.”

நான் யோசிக்கக்கூட இல்லை. பந்தில் படுவதற்கு முன்னால் மட்டையைத் தரையில் அடிக்கிறாய், கட்டாந்தரை அதிர்ச்சி கையில் ஏறுகிறது என்று சொல்லிவிட்டேன். கோடையில் எத்தனையோ பேருக்கு அப்படி ஆகிறதுதான். உன் இடது கட்டைவிரலைப் பிடித்து நகர்த்தி வைத்தேன். பந்துக்கு அடியில் தென்னைநார் மிதியடியைப் போட்டுக் கொடுத்தேன். நாலு நாளில் சரியாகிவிடும் என்றேன்.

மறுநாளும் வந்தாய். இரண்டாவது குழி முடிந்து, மட்டையைப் பையில் போட்டுவிட்டு, மேட்டில் ஏறிக்கொண்டிருந்தோம். நின்றாய்.

“அடிக்காதப்பவும் நோவுது மச்சான். மேடு ஏறும்போது. ஒரு ஈசிஜி எடுத்துப் பாக்கட்டுமா?”

வெறுங்கையோடு நடக்கிறவனுக்கு மட்டையால் எப்படிக் கை நோகும்? புல் பிடுங்குகிறவனுக்குக்கூடத் தெரியவேண்டிய கணக்கு. கோச்சுக்குத் தெரியவில்லை. நான் சிரித்தேன்.

“அலிபிரி படி மொத்தமும் ஏறிட்டு வந்தவன் நீ. மொட்டையில இன்னும் முடி கூட வளரல. ஒனக்கு இன்னா மச்சான் ஈசிஜி?”

நம் பக்கத்தில் எல்லாருமே இப்படித்தானே பேசுகிறோம். அலிபிரியில் தொடங்கி திருப்பதி மலை உச்சி வரை நடந்தே போய் வந்தவனுக்கு நெஞ்சு கல்லு மாதிரி என்று. ஆஸ்பத்திரிச் சீட்டை விட அந்தப் படிகளை நம்புகிறோம். உன் பிள்ளை சதீஷுக்கு அமெரிக்க விசா கிடைத்ததற்கு, நீயும் அமுதாவும் பங்குனியில் ஏறிப்போய் வேண்டுதலை முடித்துவிட்டு வந்தீர்கள். மொட்டைத் தலையோடு என் வாசலில் நின்று, மூச்சே வாங்கவில்லை என்று நீதானே சொன்னாய்?

நான் அப்படிச் சிரித்தபோது நீ என் முகத்தையே பார்த்தாய். ஏதோ சொல்ல வந்தது போல வாய் அசைந்தது. அப்புறம் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தாய். அந்தப் பார்வை என்ன என்று இந்தப் பதினோரு மாதமும் எனக்குப் புரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அதே மேட்டில், புளியமரத்தடியில் உட்கார்ந்தாய். “நீ ஆடு மச்சான், நான் வரேன்” என்றாய். நான் ஆடினேன். பந்தைக் குழியில் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது நீ சாய்ந்திருந்தாய். வண்டியில் பாகாலா தாண்டி, திருப்பதி ஆஸ்பத்திரி வரை உன் தலை என் மடியில்தான் இருந்தது. டாக்டரம்மா தெலுங்கில் கேட்டார், “என்னி ரோஜுலனுஞ்சி நொப்பி?” எத்தனை நாளாக நோவு என்று. “நாலுகு ரோஜுலு” என்று என் வாயாலேயே சொன்னேன். நாலு நாள் என்ன செய்தீர்கள் என்று கேட்டார். பிடியை மாற்றினோம் என்றேன். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. அப்போது அது எனக்கு நிம்மதியாக இருந்தது என்பதை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது.

அமுதாவிடம் நான் இதைச் சொல்லவில்லை. திடீரென்று சாய்ந்துவிட்டான் என்று மட்டும் சொன்னேன். சதீஷ் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அவனிடமும் அதையே சொன்னேன். அவள் கையால் சாப்பாடு போடும்போதெல்லாம் அவசரமாக அள்ளிப் போட்டுக்கொண்டு எழுந்துவிடுவேன். உன்னைக் கொன்றவன் நான் என்று தெரிந்தால் போடுவாளா?

இனி போன ஞாயிற்றுக்கிழமைக் கதைக்கு வருகிறேன். பாகாலாவில் மருந்துக் கடை வைத்திருக்கிறாரே, பந்தை விட மண்ணை அதிகம் அடிப்பவர், அவர் வந்து, “கோச், இடது தோள் நோவுது, பிடியப் பாத்து சொல்லுங்க” என்று கையை நீட்டினார். அவர் கையிலிருந்த மட்டையைப் பிடுங்கி எறிந்துவிட்டு, அப்படியே வண்டியில் ஏற்றித் திருப்பதிக்குக் கொண்டுபோனேன். வழியெல்லாம் அவர் என்னைத் திட்டிக்கொண்டே வந்தார். ஈசிஜி, ரத்தம், எக்கோ எல்லாம் பார்த்தார்கள். நெஞ்சில் ஒன்றும் இல்லை. தோளில் தசைப் பிடிப்பாம். தரையில் அடித்த அதிர்ச்சிதான்.

உனக்கு நான் சொன்ன அதே வைத்தியம் அவருக்குச் சரியாக இருந்திருக்கும், மச்சான். அதைக் கேட்டதும் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து அழுதேன். மருந்துக் கடைக்காரர்தான் எனக்குக் காபி வாங்கிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் அமுதா என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டாள். அதற்குமேல் அடக்க முடியவில்லை. வியாழக்கிழமை, கட்டைவிரல், ஈசிஜி, நான் சிரித்தது, அலிபிரி என்று ஒன்று விடாமல் சொன்னேன். அவள் திட்டுவாள் என்று தலையைக் குனிந்துகொண்டிருந்தேன்.

“அவரு மலை ஏறல ணா” என்றாள்.

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. விசா கிடைத்தால் படிக்குப் படி மஞ்சள் குங்குமம் வைப்பதாக அவள் வேண்டிக்கொண்டிருந்தாள். அவள் குனிந்து குனிந்து பொட்டு வைத்துக்கொண்டு வர, நீ மஞ்சள் பொட்டலத்தைப் பிடித்துக்கொண்டு முன்னால் ஏறினாய். நடுவழியில் காலி கோபுரம் என்கிறார்களே, அது தெரிகிற இடத்தில் உட்கார்ந்துவிட்டாய். வியர்த்துக் கொட்டியதாம். இடது கை இழுக்கிறது என்றாயாம். ஒரு மணி நேரம் அந்தப் படியிலேயே இருந்துவிட்டு, இரண்டு பேரும் கீழே இறங்கி, அலிபிரியில் பஸ் ஏறி மலைக்குப் போனீர்கள். மொட்டை நிஜம், லட்டு நிஜம், ஏறியதுதான் பொய்.

“அண்ணங்கிட்ட சொல்லாத, ஆயுசுக்கும் சொல்லிச் சொல்லி சிரிப்பான்னாரு. நானும் வாயை மூடிக்கினு இருந்துட்டேன். பாதியில விட்ட வேண்டுதலுக்குத்தான் சாமி அவரை எடுத்துக்கினாருன்னு நெனச்சிக்கினு கீறேன். நீ புடியச் சொல்ற. நான் படியச் சொல்றேன். யாரை யாரு திட்றது?”

மேட்டில் நீ என் முகத்தைப் பார்த்தது எதற்கென்று இப்போது தெரிகிறது. ‘நான் ஏறலடா’ என்று சொல்ல வந்தாய். நான் சிரித்துக்கொண்டிருந்தேன். சொல்லியிருந்தால் அன்றைக்கே உன்னை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருப்பேனா? ஓடியிருப்பேன் என்றுதான் நம்புகிறேன். ஆனால் முதலில் சிரித்திருப்பேன். அது உனக்குத் தெரியும். என் கிண்டலுக்குப் பயந்து உன் நெஞ்சு வலியை ஒளித்துவைத்தாயே, மச்சான், நான் அவ்வளவு கொடியவனாகவா இருந்தேன்?

இதற்கு நீ பதில் சொல்லப்போவதில்லை. நானாவது செய்யவேண்டியதைச் செய்கிறேன். பலகையில் இனி முதல் வரி மாறாது: இடது கையோ தோளோ நெஞ்சோ நோவுதா, மட்டையை வைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போ; அங்கே ஒன்றும் இல்லை என்று எழுதிக் கொடுத்தபிறகு என்னிடம் வா, பிடியைப் பார்க்கலாம். யார் எந்த மலை ஏறியிருந்தாலும் இதுதான். நாளைக்குப் புளியமரத்தடிப் புல்லையும் வெட்டப்போகிறேன்.

வருஷம் முடியாமல் மலை ஏறக்கூடாது என்பதால் உன் தெவசம் வரை காத்திருக்கிறோம். அது முடிந்த வாரம் நானும் அமுதாவும் அலிபிரிக்குப் போகிறோம். பொட்டலம் நான் பிடித்துக்கொள்கிறேன். நீ உட்கார்ந்த படி எது என்று அவளுக்குத் தெரியுமாம். அங்கே போனதும் நானும் உட்காருவேன். எனக்கும் ஐம்பத்திமூணு ஆகிறது, கட்டாயம் மூச்சு வாங்கும். ஏறுகிறவர்கள் யாராவது என்ன ஆச்சு என்று கேட்டால், முடியல என்று வாய்விட்டுச் சொல்வேன். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொண்டு போகட்டும். அவள் அடுத்த படியிலிருந்து பொட்டு வைக்கத் தொடங்குவாள்.

இப்படிக்கு,
உன் பெண்டாட்டிக்கு அண்ணன், உன் பிள்ளைக்கு மாமன்,
இனி சிரிக்காத உன் மச்சான்
தயாளன்