சூடாக இருந்த இன்ஜின்

அன்புள்ள பல் டாக்டர் தம்பிக்கு,

நீங்களும் வீட்டில் எல்லோரும் நலமாக இருக்க வேண்டுகிறேன். பத்தாம் தேதி ஞாயிறு எங்கள் பழைய யமஹாவை வாங்க வந்துவிட்டு, காபிகூடக் குடிக்காமல் கோபமாகத் திரும்பிப் போனீர்களே, அந்த வீட்டு அக்கா எழுதுகிறேன். நான்கு முறை போன் செய்தேன், நீங்கள் எடுக்கவில்லை. அதனால் நீங்கள் தந்த கார்டில் இருந்த முகவரிக்கு இந்தக் கடிதம்.

இன்ஜின் மேல் கை வைத்தீர்கள். “சூடா இருக்கே, இந்தத் தில்லுமுல்லெல்லாம் வேற ஆள்கிட்ட வச்சுக்கங்க” என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டீர்கள். நான் திருதிருவென்று விழித்தேன். மறுநாள் மெக்கானிக் அண்ணன் வந்துதான் விளக்கினார். சுலபத்தில் ஸ்டார்ட் ஆகாத வண்டியை ஆள் வருவதற்குள் சூடாக்கி வைத்து ஏமாற்றுவார்களாம். எனக்குத் தெரிந்ததெல்லாம் திரைச்சீலை தைப்பதுதான், தம்பி.

அன்று காலை ஸ்டார்ட் செய்தது நான்தான். ஆனால் உங்களுக்காக இல்லை. வண்டி நிற்கும் இடத்துக்கு மேலே ஒரு ஜன்னல் பார்த்திருப்பீர்கள். அதற்கு உள்ளே கட்டிலில் என் வீட்டுக்காரர் படுத்திருக்கிறார். பக்கவாதம் வந்து இரண்டு வருடம் ஆகிறது. பேச்சும் வலது கையும் போய்விட்டன, காது மட்டும் பாம்புச் செவி. தினமும் ஒன்பது மணிக்கு வண்டியை உதைத்து ஐந்து நிமிடம் ஓட விடுவேன். அப்போது அவருடைய இடது கை விரல்கள் போர்வையைப் பிடித்துப் பிடித்து விடும். ஐயா கிளட்ச் பிடிக்கிறாராம். உதைத்துப் பழகுவதற்குள் என் முழங்கால் பட்ட பாடு வேறு கதை.

ஒன்றாம் தேதி இந்த வீட்டைக் காலி செய்கிறோம். மகள் வீடு நாலாவது மாடி, வண்டிக்கு இடமில்லை. இன்னொருவரும் கேட்கிறார், பிரித்து உதிரிபாகமாக விற்பதற்கு. நீங்கள் ஒருவர்தான் ஓட்டப்போவதாகச் சொன்னீர்கள். அதை என் வீட்டுக்காரர் ஜன்னல் வழியாகக் கேட்டார். பிறகு நீங்கள் தில்லுமுல்லு என்று சொன்னதையும் கேட்டார். அன்று சாயங்காலம் வரை என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் ஏமாற்றப் பார்த்தேன் என்றே நினைத்துவிட்டாரோ என்னவோ. கேட்டால் சொல்ல அவரால் முடியாது, அதுதான் என்னை அரிக்கிறது.

மெக்கானிக் அண்ணன் சொன்னதிலிருந்து நான் வண்டியைத் தொடவில்லை. நீங்கள் எப்போது வந்து கை வைத்தாலும் ஜில்லென்று இருக்க வேண்டும் இல்லையா. இன்றோடு ஒன்பது நாள். காலையில் அந்த நேரத்துக்கு அவர் கண் ஜன்னலுக்குப் போகிறது. பெட்ரோல் தீர்ந்துவிட்டது என்கிறேன். அவரிடம் சின்னச் சின்னப் பொய் எத்தனையோ சொல்லியிருக்கிறேன், இதை மட்டும் அவர் முகத்தைப் பார்க்காமல் போர்வையைச் சரிசெய்துகொண்டே சொல்கிறேன்.

வரும் ஞாயிறு ஒன்பது மணிக்கு வாருங்கள். நான் பக்கத்தில்கூட வரமாட்டேன், நீங்களே ஸ்டார்ட் செய்து பாருங்கள். பிடித்திருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள், பிடிக்காவிட்டால் உங்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. எப்படியானாலும் ஐந்து நிமிடம் ஓட விட்டுவிட்டுப் போங்கள். உங்கள் கைராசி மேலும் மேலும் பெருகட்டும்.

இத்தனை நாள் சும்மா நின்ற வண்டி. முதல் உதையில் கிளம்பாவிட்டால் சத்தமாக எதுவும் சொல்லிவிடாதீர்கள் தம்பி, அவர் கேட்டுக்கொண்டிருப்பார்.

இப்படிக்கு,
திரைச்சீலை தைக்கும் அக்கா