நாற்பத்து நான்கு படங்களில் காவலாளியின் முகம்

அனுப்புநர்:
கோ. லட்சுமியம்மாள்,
பணி நிறைவு பெற்ற கணித ஆசிரியை,
பள்ளிக்கூடத் தெரு, ஆரம்பாக்கம்,
கும்மிடிப்பூண்டி வட்டம், திருவள்ளூர் மாவட்டம்.

பெறுநர்:
தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் அவர்கள்,
அருவிமலை பொறியியல் கல்லூரி (தன்னாட்சி),
சின்னசேலம் வட்டம், கள்ளக்குறிச்சி மாவட்டம்.

பொருள்: இறுதியாண்டு இயந்திரவியல் மாணவி ச. நந்தினியின் தொழிற்பயிற்சி வருகையை ஆள்மாறாட்டம் என்று ரத்து செய்தது – மறுபரிசீலனை செய்து வாய்மொழித் தேர்வுக்கு நுழைவுச்சீட்டு வழங்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: தங்கள் கல்லூரியின் அறிவிப்பு, நாள் 09.04.2025.

மதிப்பிற்குரிய ஐயா,

இது நான் எழுதும் நான்காவது கடிதம். முதல் மூன்றையும் மின்னஞ்சலில் அனுப்பினேன். கிடைத்தது என்று தானியங்கிப் பதில் மூன்று முறை வந்தது. ஒரு மனிதர் கையில் போய்ச் சேரட்டும் என்று இம்முறை பதிவுத் தபாலில் அனுப்புகிறேன்.

1. நந்தினி எனக்கு உறவு அல்ல. சின்னசேலம் பக்கத்து விவசாயி சடையப்பனின் மகள். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் பத்து வாரப் பயிற்சிக்கு ஜனவரியில் வந்தவள், என் வீட்டு மாடி அறையில் தங்கினாள். விடியும் முன் கிளம்பி ரயிலில் போவாள். மாலையில் தங்கள் கல்லூரி இணையவழியில் நடத்திய இரண்டு பாடங்களையும், சிக்னல் கிடைக்கும் ஒரே இடமான மாடிப்படியில் உட்கார்ந்து கேட்பாள். பல நாள் நோட்டின் மேலேயே தலை சாய்ந்திருக்கும். எழுப்பிச் சாப்பிட வைப்பேன்.

2. தொழிற்சாலையில் ஷிப்ட் காலை ஏழு மணிக்குத் தொடங்கும். உள்ளே கேமரா கூடாது என்பதால் கைப்பேசியை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். தங்கள் வருகைச் செயலியோ ஒன்பது மணி முதல் ஒன்பதேகால் வரைதான் திறக்கும். அதில் இருக்கும் இடமும் முகப்படமும் பதிய வேண்டும். இதை வகுப்பு ஆலோசகருக்குத் தெரிவித்தபோது, நேரத்தை மாற்ற முடியாது, எப்படியாவது சமாளித்துக்கொள் என்று பதில் வந்தது. பதினான்கு நாள் வாசலுக்கு ஓடிவந்து பதிந்தாள். பிறகு மேற்பார்வையாளர் அன்புராஜ் எல்லோர் முன்னிலையிலும் கேட்டாராம்: "இன்னாம்மா, தெனம் ஒம்போது மணிக்கு மிஷின நிறுத்திட்டு போட்டோ புடிக்கப் போய்க்கினு கீறே. சினிமாவா எடுக்குறே?" மறுநாள் முதல் அனுமதி இல்லை. அவரைக் குறை சொல்ல மாட்டேன். இயந்திரம் நின்றால் பதில் சொல்ல வேண்டியவர் அவர்.

3. வாசல் காவலாளி துலுக்காணம், பழவேற்காட்டுப் பக்கத்து மீனவக் குடும்பத்தவர், அவள் அழுவதைப் பார்த்திருக்கிறார். "நீ போய் வேலயப் பாரும்மா. போன் எங்கிட்டதானே கீது. ஒரு பட்டன அமுக்கறதுல இன்னா பேஜாரு?" என்றிருக்கிறார். அவள் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. அன்று மாலை, "முகம் கேட்குமே டீச்சர்?" என்று என்னிடம் கேட்டாள்.

ஐயா, இந்த மனுவை நான் எழுதக் காரணம் இதுதான். நான் அவளுக்கு ஓர் உதாரணம் சொன்னேன். ஓர் ஆசிரியை வரத் தாமதமானால் பக்கத்து வகுப்பு ஆசிரியை வருகை எடுப்பார், பிள்ளைகள் வந்தது வந்ததுதானே என்றேன். முகம் பொருந்தாவிட்டால் செயலியே மறுத்துவிடும் என்றும் சொன்னேன். செயலி மறுக்கவில்லை. நாற்பத்து நான்கு நாளும் பச்சை எழுத்தில் வருகை பதிவானது என்றது. பயிற்சி முடிந்த பின் தங்கள் அலுவலகத்தில் படங்களைத் திறந்து பார்த்தபோதுதான் இது தெரிந்திருக்கிறது. கண்ணைச் சிமிட்டச் சொல்லிக் கேட்ட நாட்களில் துலுக்காணம் சிமிட்டியும் இருக்கிறார்.

என் உதாரணம் தவறு. பக்கத்து வகுப்பு ஆசிரியை தான் எடுத்ததாகத்தான் எழுதுவார், மற்றவர் பெயரில் எழுதமாட்டார். கணக்கில் முதல் வரியைத் தப்பாக எழுதியவள் நான். பூஜ்யம் அந்தப் பெண்ணுக்கு விழுந்திருக்கிறது.

4. பதினாறாம் தேதி விசாரணைக்குத் தந்தையுடன் வந்தாள். படங்களை மேசையில் பரப்பி, "யாரும்மா இது, உங்க தாத்தாவா?" என்று ஒருவர் கேட்க, மற்றவர்கள் சிரித்திருக்கிறார்கள். அந்த நாட்களில் பயிற்சிக்கு வரவில்லை என்று எழுதிக் கொடுத்தால், அடுத்த ஆண்டு ஜூனியர்களுடன் மறுபடி செய்யலாம் என்றார்களாம். வேறொருவரைப் பதியவிட்டது தவறு என்று எழுதிக் கொடுத்தாள். வரவில்லை என்று எழுத மறுத்துவிட்டாள். "எழுதிக் குடுத்துட்டே வந்திருக்கலாம் பாப்பா" என்றாராம் சடையப்பன். இதை அவள் தொலைபேசியில் சொன்ன அன்றே, படங்களை எனக்கு அனுப்பச் சொன்னேன்.

5. அறிவிப்புடன் தாங்கள் இணைத்திருந்த படங்களின் நகலை வாங்கி, விடைத்தாள் திருத்துவதைப் போல இரண்டு நாள் பார்த்தேன். காவலாளியின் பின்னால் சுவரில் இரண்டு பலகைகள் இருக்கின்றன. ஒன்று உள்ளே, மற்றது வெளியே. கைப்பேசியைக் கொடுத்து உள்ளே போகும் பயிற்சி மாணவரின் எண் எழுதிய மஞ்சள் வில்லையை உள்ளே என்ற பலகையில் மாட்டுவார்கள். ஷிப்ட் முடிந்து அவர் போனதும் அதை எடுத்து மற்றதில் மாட்டுவார்கள். நந்தினியின் எண் 47. கைப்பேசியின் முன்பக்கக் கேமரா எடுத்த படம் என்பதால் கண்ணாடியில் பார்ப்பதுபோல் எண் திரும்பித் தெரிகிறது. முதல் நாள் எனக்கும் புலப்படவில்லை.

நாற்பத்தொரு படங்களில் 47 உள்ளே இருக்கிறது. மூன்று படங்களில் துலுக்காணத்தின் தொப்பி மறைக்கிறது. அந்த மூன்றையும் கழித்துவிடுங்கள். அவளே பதிந்த பதினான்குடன் சேர்த்தால், பத்து வாரத்தின் அறுபது வேலை நாளில் (இரண்டு நாள் விடுப்பு) ஐம்பத்தைந்து வருகிறது.

6. ஆகவே, 28.04.2025 அன்று நடக்கும் வாய்மொழித் தேர்வில் அவள் அமர நுழைவுச்சீட்டு வழங்கும்படி வேண்டுகிறேன். தொழிற்சாலைக்குப் புகார் எழுதப்போவதாக அறிவிப்பில் கண்டேன். துலுக்காணம் ஒப்பந்தக் காவலாளி, ஒரு கடிதத்தில் வேலை போய்விடும். யார் பெயரையாவது குற்றத்தில் எழுதியே ஆக வேண்டுமென்றால் என் பெயரை எழுதுங்கள். அழைத்த நாளில் வந்து நிற்கிறேன்.

படங்களில் இருப்பது துலுக்காணத்தின் முகம்தான், மறுக்கவில்லை. அந்த முகத்தை ஒரு விரலால் மறைத்துக்கொண்டு, அவர் தோளுக்குப் பின்னால் ஒருமுறை பாருங்கள் ஐயா. நந்தினி வந்திருக்கிறாள்.

தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
(ஒப்பம்)
கோ. லட்சுமியம்மாள்

இடம்: ஆரம்பாக்கம்
நாள்: 21.04.2025

இணைப்பு: எண் 47 சிவப்பு மையால் வட்டமிடப்பட்ட 41 படங்கள்.