பலகையில் இரண்டு பூட்டுகள்

மார்ச் 4, 1994

அன்புள்ள தம்பி ஓடெல்,

ஒரே விமான நிலையத்தில் வேலை பார்க்கும் அக்கா, தம்பியின் அலமாரி இடுக்கில் கடிதம் செருகினால் பார்ப்பவர்கள் சிரிப்பார்கள். என்ன செய்ய? நாம் ரேடியோவில் பேசுவதெல்லாம் பதிவாகிறது. இது பதிவாகக் கூடாத சங்கதி.

நேற்று நீ விமான நிலையத்துக்கு அடியில், பயணிகளை ஏற்றிப் போகும் டிராமின் சுரங்கத் தடத்தைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது, "ஓடெல், முடிஞ்சுதா?" என்று கட்டுப்பாட்டு அறையிலிருந்து மூன்று முறை கேட்டேன். பதிலில்லை. நாலாம் முறை, இப்போதுதான் கூப்பிட்டது போல "சொல்லுக்கா" என்கிறாய்.

அந்த வண்டிக்கு ஓட்டுநர் கிடையாது. மின்சாரம் வந்தால் தானே கிளம்பும், முன்னால் நிற்பது யாரென்று பார்க்காது. ரப்பர் சக்கரம், சத்தமும் குறைவு. எனக்குப் பயமாக இருக்கிறது. காதை டாக்டரிடம் காட்டு. சர்க்கரைவள்ளிக்கிழங்கு இனிப்பு சுட்டுத் தட்டோடு வைத்திருக்கிறேன். தின்றுவிட்டுத் தட்டைத் திருப்பிக் கொடு.

உன் அக்கா,
எர்னஸ்டீன்

மார்ச் 7

அன்புள்ள அக்கா,

இனிப்பு பிரமாதம், ஜாதிக்காய்தான் கொஞ்சம் தூக்கல். சுரங்கத்தில் ரேடியோ சரியாக எடுக்காது. என்னோடு வேலை செய்யும் ஹோரஸைக் கேட்டுப் பார். காதுப் பரிசோதனையில் போன மாதம்தான் தேறினேன்.

சுரங்க வாசலில் ஸ்விட்ச் பலகை இருக்கிறதே. உள்ளே போகும் ஒவ்வொருவனும் அதில் தன் பூட்டைப் போட்டுவிட்டுத்தான் போகிறான். ஒரு பூட்டு தொங்கினாலும் மின்சாரம் வராது. என் சாவி என் கழுத்தில். கர்த்தரே வந்தாலும் என்னைக் கேட்காமல் கழற்ற முடியாது. நிம்மதியாகத் தூங்கு.

ஓடெல்

மார்ச் 14

அன்புள்ள தம்பி,

நீ தேறிய லட்சணம் எனக்குத் தெரியும். நர்ஸுக்குப் பின்னால் கண்ணாடிச் சன்னல். சத்தம் எழுப்பும் பொத்தானை அவள் அழுத்துவது அதில் தெரிந்தபோதெல்லாம் கையைத் தூக்கியிருக்கிறாய். ஹோரஸிடம் பெருமையடித்தாயாமே. அவன் பெண்டாட்டி தேவாலயத்தில் என்னிடம் சொல்லிச் சிரிக்கிறாள்.

பூட்டு சரி. கழற்றிய பிறகு? எதையாவது மறந்து வைத்துவிட்டுத் திரும்ப ஓடுகிற ஆள் நீ. வண்டி கிளம்புமுன் அடிக்கும் எச்சரிக்கை மணி உனக்குக் கேட்குமா?

இன்றிலிருந்து உன் பூட்டுக்குப் பக்கத்தில் என் பூட்டும் தொங்கும். விதியில் தடையில்லை, படித்துப் பார்த்துவிட்டேன். கீழே வந்து உன் முகத்தைப் பார்த்த பிறகுதான் கழற்றுவேன்.

அக்கா

மார்ச் 22

அக்காவுக்கு,

"ஓடெல், அக்கா வந்து கூட்டிட்டுப் போகுமா, இல்ல நீயே வீட்டுக்குப் போயிடுவியா?" என்கிறான் ஹோரஸ். வண்டி தாமதமாகிறதென்று மேலாளர் கத்துகிறார். உன் பூட்டை எடு.

மணி கேட்காதுதான். இடது காதில் ஒன்றுமில்லை, வலதில் பாதி. போதுமா?

அப்பாவின் காதை மர அறுவை மில்லின் சத்தம் தின்றது. சாப்பாட்டு மேசையில் நாமெல்லாம் சிரித்தால், ஒரு நொடி கழித்து அவரும் சிரிப்பாரே. "என்ன சொன்னீங்க?" என்று அவர் கேட்டால், "ஒண்ணுமில்லப்பா" என்போம். நீயும்தான், நானும்தான். எனக்கு வண்டியைக் கண்டு பயமில்லை. அந்த மேசையைக் கண்டுதான் பயம்.

மேலாளரிடம் சொன்னாயானால் உனக்குத் தம்பி இல்லை.

ஓடெல்

மார்ச் 31

ஓடெல்,

வேலை முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் இங்கேயே உட்கார்ந்து எழுதுகிறேன்.

இன்று கீழே வந்தபோது பலகையில் என் பூட்டு மட்டும்தான் இருந்தது. "அவன் கழட்டிட்டுப் போயிட்டாம்மா. நீயும் கழட்டு, மேல ஜனம் நிக்குது" என்றார் மேலாளர்.

"போனதைப் பார்த்தீங்களா?"

"பூட்டு இல்லையே, போயிருப்பான்."

சாவியை நுழைத்தும்விட்டேன். மனசு கேட்கவில்லை. சாவியை உருவிக்கொண்டு சுரங்கத்துக்குள் போனேன்.

உன் முதுகு தெரிந்தது. மறந்துபோன டார்ச்சை எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தாய். எச்சரிக்கை மணி அலறிக்கொண்டிருந்தது. "ஓடெல்!" என்று கத்தினேன். கிட்டே வந்து இன்னும் கத்தினேன். நீ ஏதோ பாட்டை முனகிக்கொண்டிருந்தாய். தோளைத் தொட்ட பிறகுதான் திரும்பினாய்.

மேலாளரிடம் டார்ச் எடுக்கப் போனாய் என்று மட்டும் சொன்னேன். ஆனால் என்றைக்காவது நான் காய்ச்சலில் படுப்பேன். அன்றைக்கு யார் கீழே வருவார்? என்னோடு பேசாத தம்பி உயிரோடு இருந்தால் எனக்குப் போதும். ஈஸ்டர் முடிந்து திங்கட்கிழமை மேலாளரிடம் எல்லாவற்றையும் சொல்லப் போகிறேன்.

எர்னஸ்டீன்

ஏப்ரல் 1

அன்புள்ள அக்கா,

நீ சொல்ல வேண்டாம். நானே போய்ச் சொல்லிவிட்டேன். மேலாளர் திட்டவில்லை. முகம் வெளுத்து, அப்படியே உட்கார்ந்துவிட்டார். அடுத்த வாரத்திலிருந்து எனக்கு மாடியில் உதிரிப்பாகக் கிடங்கு.

நேற்று ராத்திரி நான் தூங்கவில்லை. நீ எத்தனை தரம் கத்தினாயோ, எனக்குத் தெரியாது.

இந்த உறைக்குள் என் சாவி இருக்கிறது. பழுதுக்காக நிறுத்தி வைத்திருக்கும் தடத்தின் பலகையில் என் பூட்டை விட்டு வந்திருக்கிறேன். அடுத்தவன் பூட்டைத் தொடக் கூடாதுதான். இனி எனக்கு அது வேண்டாம், நீ திற. உள்ளே போய்த் தேடாதே, நான் அங்கே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வருகிறேன், உன் தட்டையும் கொண்டுவருகிறேன். என் வலப்பக்கம் உட்கார்ந்துகொள். எல்லோரும் சிரித்தால் எதற்கென்று எனக்கும் சொல். "ஒண்ணுமில்லடா" என்று மட்டும் சொல்லிவிடாதே அக்கா.

உன் தம்பி,
ஓடெல்