பழைய லாரி மேடு ஏறுமா?

பெங்களூர், 9-2-1958

அன்புள்ள அம்மாவுக்கு,

ராணுவம் கழித்த லாரி எங்கள் மருத்துவ ட்ரெய்லரை மலைமேல் இழுக்குமா என்று கேட்டிருந்தீர்கள். எனக்குத் தெரியவில்லை. நான் சுகம். உங்கள் முழங்கால் வலி எப்படியிருக்கிறது?

நேற்று மல்லேஸ்வரத்தில் ஓட்டிப் பார்த்தபோது ட்ரெய்லர் லேசாக ஆடியது.

"மருந்துப் பெட்டியெல்லாம் பின்னால அடுக்கினா வாலாட்டாம என்னா பண்ணும், டாக்டரம்மா?" என்றார் டிரைவர் சவரிமுத்து.

அடுக்கியது நான்தான். நம்பாமலேயே முன்னால் மாற்றினேன், ஆட்டம் நின்றது. நாளை மேடு ஏறாவிட்டால் அங்குள்ள காசநோயாளிகள் இன்னும் ஒரு மாதம் காத்திருக்க வேண்டும்.

ஊறுகாயைச் சின்ன ஜாடியில் அனுப்புங்கள். சாப்பிட நான் ஒருத்திதான். லாரி ஹாரன் அடிக்கிறது, இன்றிரவே அடிவாரம் போய்ச் சேர வேண்டும்.

உங்கள்
தனலக்ஷ்மி

திங்கள் மாலை: தபாலில் போட மறந்துவிட்டேன். லாரி பாதி மேட்டில் நின்றுவிட்டது. சக்கரங்களுக்குக் கல் வைத்தோம். மேலே காத்திருந்தவர்கள் இறங்கி வந்தார்கள். சாலையோரத்திலேயே நாற்பத்தொரு பேரைப் பரிசோதித்தேன்.