மருந்துக்கு முன் ஒரு குடம்

மதியம் சோற்றைப் பிசைந்து வாய்க்குக் கொண்டுபோனேன், மாமு. விரலில் ப்ளீச்சிங் பவுடர் வாடை. சோப்பு போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவின கைதான். அப்படியும் நகக்கண்ணில் உட்கார்ந்துகொண்டு போகமாட்டேன் என்கிறது. என் வீட்டுக்காரி தட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், "கெணத்துக்குப் போட்டாச்சா?" என்று மட்டும் கேட்டாள். தலையாட்டினேன். தட்டை நகர்த்தி வைத்தேன். எழுந்து வந்து இதை எழுத உட்கார்ந்துவிட்டேன். நீ படிக்கப்போவதில்லை என்று தெரியும். இருந்த காலத்திலேயே பேப்பரில் விளையாட்டுப் பக்கம் தவிர வேறெதையும் படித்தவன் இல்லை நீ.

பங்குனி பிறந்துவிட்டது. கல்மண்டபத்துப் பக்கம் மீன் லாரிகள் போன ஈரம் ரோட்டில் காய்வதற்குள் வெயில் முதுகைச் சுடுகிறது. நம் கிணற்றில் தண்ணீர் இறங்கி, சுவரில் பாசிக்கோடு தெரிகிறது. பாசிக்கோடு தெரிந்ததும் நீ ஆரம்பித்துவிடுவாயே, அதே நேரம்தான்.

நம் கிணறு மாதிரி இன்னொன்றை நான் எங்கேயும் பார்த்ததில்லை. யாரோ ஒரு காலத்தில் ஒரே மனையை இரண்டாக வெட்டி விற்றபோது கிணறு நடுவில் மாட்டிக்கொண்டது. மதில்சுவர் வந்து, கிணற்றின் வாய்க்கு மேலே ஒரு கல் உத்தரத்தில் ஏறி, அந்தப் பக்கம் இறங்கிப் போகிறது. பாதி வாய் உன் வீட்டில், பாதி வாய் என் வீட்டில். தண்ணீர் மட்டும் ஒன்று. காலையில் பல் விளக்கிக்கொண்டே நான் இந்தப் பக்கம் குனிந்தால், அந்தப் பக்கம் குனிந்திருக்கும் உன் மூஞ்சி தண்ணீரில் தெரியும். மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்துப் பேசிக்கொண்டதைவிட, உள்ளே பார்த்துப் பேசிக்கொண்டதுதான் அதிகம்.

"இன்னா மாமு, மூஞ்சி தொங்கிக்கினு கீது? வூட்ல பூசையா?" என்பாய். குரல் கிணற்றுக்குள் இறங்கி, பெரிதாகி, என் சமையலறை வரைக்கும் போகும். உள்ளே இருந்து என் வீட்டுக்காரி பாத்திரத்தை டங்கென்று வைப்பாள். அதுதான் அவள் பதில்.

நான் துறைமுகத்தில் கிரேன் ஓட்டினேன், நீ ரயில்வேயில் ஃபிட்டர். நாள் முழுக்க இரும்போடு மாரடித்துவிட்டு வந்து சாயங்காலம் ஆளுக்கொரு பக்கம் நின்று தலையில் தண்ணீர் ஊற்றிக்கொள்வோம். கடலுக்கு இவ்வளவு கிட்டத்தில் இருந்தும் அது நல்ல தண்ணீராக இருந்ததில் உனக்குத் தனிக் கர்வம். பருப்பு வெந்தது, சோப்பு நுரைத்தது, டீ கறுக்கவில்லை. உன் சோதனை எல்லாம் முதலில் அவ்வளவுதான்.

உன்னை மாற்றியது மணலியில் இருக்கும் என் தங்கச்சி வீட்டுக் கிணறு. ஒரு நாள் வாளியைத் தூக்கியபோது மண்ணெண்ணெய் வாடை அடித்தது என்றாள். நாம் இரண்டு பேரும் போய்ப் பார்த்தோம். தண்ணீர்மேல் வானவில் மாதிரி ஒரு படலம். எங்கிருந்து வந்தது என்று கடைசிவரை யாரும் சொல்லவில்லை. மண்ணைக் கொட்டி மூடிவிட்டார்கள். பஸ் பிடித்துத் திரும்பி வந்தோம். வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் நேரே கிணற்றடிக்குப் போய்க் குனிந்து மோந்து பார்த்தாய். எனக்குச் சிரிப்பு வந்தது. உன் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது.

அந்த வருஷம்தான் முதல்முதலாகத் தண்ணீரைச் சோதனைக்குக் கொடுத்தோம். கொடுத்த லட்சணம் இருக்கிறதே! தவக்காலம் என்று நீ குடியை விட்டிருந்தாய். அதனால் உன் வீட்டில் காலிப் பாட்டில் இல்லை. என் பரண்மேல் இருந்த குவார்ட்டர் பாட்டிலை எடுத்து, அலம்பி, கிணற்றுத் தண்ணீர் பிடித்துக்கொண்டு போனோம். சோதனைச் சாலையில் இருந்த பெண் மூடியைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு, "ஐயா, இதுல எந்தக் கிருமியும் உசுரோட இருக்காது" என்றாள். அங்கிருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். நீ என்னைக் காட்டி, "இவன் பாட்டிலும்மா" என்றாய். துரோகி.

அவள் கொடுத்த சுத்தமான பாட்டிலை நீ கொண்டு வந்த விதம் எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. மூடியின் உள்பக்கம் விரல் படக்கூடாது, பாட்டிலை அலம்பக்கூடாது, பிடித்ததும் ஐஸில் வைத்துச் சீக்கிரம் கொண்டுவர வேண்டும் என்று அவள் சொன்னதை எல்லாம் வேதவாக்காக எடுத்துக்கொண்டாய். மீன் வாங்கும் கூடையில் ஐஸைப் போட்டு, பாட்டிலை நடுவில் வைத்து, ஆட்டோவில் மடியில் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாய். உன் மகளைப் பிரசவத்துக்குக் கூட்டிக்கொண்டு போனபோதுகூட நீ டிரைவரிடம் "மெதுவா போ நைனா" என்று இத்தனை தடவை சொல்லியிருக்க மாட்டாய்.

உப்பு கூடுகிறது, குடிக்கலாம், ஆனால் கிருமி இருக்கிறது, மருந்து போடுங்கள் என்று வந்தது முடிவு. அன்றிலிருந்து வருஷா வருஷம் பங்குனியில் இதே சடங்கு. பவுடரைப் பக்கெட்டில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கட்டும் என்று விட்டு, மேலே தெளிந்ததை மட்டும் கிணற்றில் ஊற்றுவோம். வாளியைத் தண்ணீருக்குள் விட்டு மேலும் கீழுமாக ஆட்டிக் கலக்குவோம். அதன்பின் ஒரு ராத்திரியும் ஒரு பகலும் தாண்டி மறுநாள் விடியும்வரை யாரும் கிணற்றைத் தொடக்கூடாது. விடிந்ததும் வாடை போகிற வரைக்கும் இறைத்துக் கொட்ட வேண்டும். இது நீ போட்ட சட்டம்.

சட்டம் போட்டதோடு நின்றாயா? என்மேல் உனக்கு நம்பிக்கை கிடையாது. ஒரு தடவை விருந்தாளி வந்துவிட்டார்கள் என்று நான் சத்தமில்லாமல் மோட்டார் போட்டேன். போதாக்குறைக்கு அந்தத் தண்ணீரை உன் கறிவேப்பிலைச் செடிக்கும் ஊற்றினேன். செடி செத்தது. நீ பேசாமல் இருந்த நாட்களில் கிணறே ஊமையாகிவிட்ட மாதிரி இருந்தது. அடுத்த வருஷத்திலிருந்து மருந்து போட்ட கையோடு இரண்டு வீட்டு மோட்டாரின் ஃப்யூஸ் கட்டையையும் பிடுங்கிக்கொண்டு போய் உன் தலையணைக்கு அடியில் வைத்துக்கொள்வாய். வாளியையும் கயிற்றையும் கழற்றிக்கொண்டு போய்விடுவாய்.

"ஒரு சொம்பு குடுறா, கால் கழுவ" என்று நான் கெஞ்சினாலும், "நாளைக்கு மாமு, நாளைக்கு. அவசரப்பட்டா கலீஜாப்பூடும்" என்பாய்.

விடிந்து, இறைத்து முடித்ததும் முதல் வாய் உன்னுடையது. வாயில் வைத்து, கண்ணை மூடி, விழுங்கி, கிணற்றுக்குள் குனிந்து என் மூஞ்சியைப் பார்த்து, "வா மாமு, குடிக்கலாம்" என்பாய். அப்புறம்தான் என் வீட்டுக்காரி குடத்தை எடுப்பாள். ஈஸ்டருக்குக் கோயிலிலிருந்து கொண்டுவரும் தீர்த்தத்தில் ஒரு சொட்டைக் கிணற்றில் விடுவாய். "அப்புறம் எதுக்குடா பவுடர், காசுக்குப் பிடிச்ச கேடு" என்று ஒரு தடவை கேட்டேன். "பவுடர் கிருமிக்கு, தீர்த்தம் நமக்கு" என்றாய்.

அந்தக் கடைசிப் பங்குனியில் உன்னை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வயிற்றில் இருந்த கட்டிக்கு இனிமேல் செய்வதற்கு ஒன்றுமில்லை, விரும்பியதைக் கொடுங்கள் என்றார்கள். உன் அறை ஜன்னலிலிருந்து கிணறு தெரியும்படி ஸ்டெல்லா கட்டிலை இழுத்துப் போட்டிருந்தாள். முப்பது வருஷம் உன்னோடு குடித்தனம் செய்தவளுக்கு உன்னைத் தெரியாதா? நான் உள்ளே வந்ததும் நீ கேட்ட முதல் கேள்வி, "தண்ணி குடுத்தியா?" என்பதுதான். கொடுத்திருந்தேன். கிருமி இருக்கிறது என்று வந்திருந்தது. மழைக்குத் தெருவெல்லாம் முழங்காலளவு நின்ற வருஷம் அது, வராமல் என்ன செய்யும்?

"அப்ப மருந்தப் போட்டுடு மாமு. ஈஸ்டருக்குப் பேரப்புள்ளைங்கோ வரும். அதுங்க வயிறு இன்னாத்துக்கு ஆவும்?" என்றாய்.

"கொஞ்ச நாள் போகட்டும்டா" என்றேன்.

"யோவ், போடுன்னா போடு."

போட்டேன். நீ ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தாய். நான் வாளியை ஆட்டியது போதாது என்று கையால் சைகை காட்டினாய். முடித்ததும் கையை நீட்டினாய். இரண்டு ஃப்யூஸ் கட்டையையும் கழற்றிக்கொண்டு வந்து உன் கையில் வைத்தேன். தலையணையை நகர்த்தக்கூட உனக்குப் பலமில்லை. ஸ்டெல்லாதான் உன் தலையைத் தூக்கி உள்ளே வைத்தாள்.

மறுநாள் சாயங்காலம் நீ தண்ணீர் கேட்டாய். ஸ்டெல்லா கேன் தண்ணீரைக் கரண்டியில் எடுத்து வாயில் விட்டாள். துப்பிவிட்டாய். "இது செத்த தண்ணி" என்றாய். என்னைப் பார்த்தாய். "நம்ம கெணத்துத் தண்ணி ஒரு வாய் குடு மாமு."

எனக்கு அந்த நிமிஷம் கிணற்றின் வாடைதான் மூக்கில் இருந்தது. அறை முழுக்க அதுதான் அடித்துக்கொண்டிருந்தது. அந்தத் தண்ணீரை எப்படி ஊற்றுவேன், புண்ணாய்க் கிடக்கிற வயிற்றில்? "நாளைக்கு மாமு. விடிஞ்சதும் இறைச்சுட்டு மொத வாய் ஒனக்குத்தான்" என்றேன்.

நீ சிரித்தாய். பல் தெரிகிற அளவுக்குச் சிரித்தாய். "கரீட்டு. அவசரப்பட்டா கலீஜாப்பூடும்" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய். நீ இருந்தவரை உன் சட்டத்தை நான் ஒழுங்காகக் காப்பாற்றிய ஒரே தடவை அது.

விடியவில்லை உனக்கு.

ஸ்டெல்லா உன் தலையைத் தூக்கியபோது அந்தப் பீங்கான் கட்டைகள் இரண்டும் ஒன்றோடொன்று இடித்துச் சத்தம் போட்டன. எடுத்து என் உள்ளங்கையில் வைத்து, "அண்ணே, குளிப்பாட்டத் தண்ணி வேணும்" என்றாள். அழுதுகொண்டே மோட்டாரைப் போட்டேன். வந்த தண்ணீரைக் கொட்டினேன், கொட்டினேன், மோந்து மோந்து பார்த்துக் கொட்டினேன். வாசலில் பந்தல் போட வந்தவர்கள் இந்த ஆளுக்கு என்ன ஆயிற்று என்று பார்த்தார்கள். கடைசியில் வாடை போயிற்று. முதல் வாய் யார் குடித்துச் சொல்வது? நான்தான் குடித்தேன். நன்றாக இருந்தது, மாமு. அந்த வருஷம் மாதிரி என்றைக்குமே இருந்ததில்லை. கிணற்றுக்குள் குனிந்து, "வாடா, குடிக்கலாம்" என்றேன். என் மூஞ்சி மட்டும் இருந்தது. அந்தத் தண்ணீரைத்தான் குடம் குடமாக உன் தலையில் ஊற்றினோம்.

"நீ என்ன செய்வாய், நோயாளிக்கு மருந்துத் தண்ணீரையா கொடுக்க முடியும்?" என்று எல்லோரும் என்னிடம் சொல்கிறார்கள். ஸ்டெல்லாவே சொன்னாள். சரிதான். எனக்கும் தெரியும். தெரிந்து என்ன செய்ய? ஒரு வாய் கேட்டவனுக்கு நாளைக்கு என்று சொன்ன நாக்கு என் வாயில்தானே இருக்கிறது.

உன் சட்டத்தை நான் மாற்றவில்லை. இன்றைக்கும் இரண்டு வீட்டு ஃப்யூஸ் கட்டையையும் கழற்றி, இப்போது என் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறேன். ஆனால் ஒன்று புதிதாகச் சேர்த்திருக்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. மருந்து போடுவதற்கு முன்னால், காலையிலேயே, ஒரு குடம் இறைத்து எடுத்துவிடுகிறேன். என் வீட்டுக்காரி அதைக் கொதிக்க வைத்து, ஆற வைத்து, வெள்ளைத் துணியால் வடிகட்டி மூடி வைக்கிறாள். முதல் வருஷம், "யாருக்கு இது?" என்றாள். அடுத்த வருஷத்திலிருந்து கேட்கவில்லை.

சற்றுமுன் ஸ்டெல்லா மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து, "அண்ணே, எடுத்து வெச்சிட்டீங்களா?" என்றாள். கிணற்றுக்குள் குனிந்து பார்த்தேன். அவள் முகம் கலங்கலாகத் தெரிந்தது. "வெச்சிட்டேம்மா" என்றேன்.

குடம் என் அறை மூலையில் இருக்கிறது, மாமு. மேலே உன் டம்ளரைக் கவிழ்த்து வைத்திருக்கிறேன். நாளை மறுநாள் விடியும்வரை கிணற்றைத் தொட முடியாது. அதற்குள் யார் வந்து கேட்டாலும் கொடுத்துவிடுவேன்.