ஐந்தரை மணி மாத்திரை

என்னங்க,

தளவானூர் நடவுக்கு உங்களுக்குப் பதில் நான் போகிறேன். திரும்ப ஏழு மணி ஆகும்.

நேற்று நெஞ்சு எரிகிறது என்று நீங்கள் துடித்தபோது மாரடைப்பு என்றே நினைத்தேன். டாக்டரிடம் உண்மையைச் சொல்லாமல் என்ன செய்வது? "பொழுது சாஞ்சா இவரு தண்ணி தொடமாட்டாரு சார். மாத்திரைய வெறும் வாயில முழுங்கிட்டுப் படுத்துட்டாரு."

வெளியே வந்ததும் பாய்ந்தீர்கள். "நம்ம ஜைன விரதத்த ஊருக்கே சொல்லுவியா? இனிமே அந்த மாத்திரையே வேணாம் போ!"

டாக்டர் விரதத்தை விடச் சொல்லவில்லை, நேரத்தைத்தான் மாற்றினார். காலை ஆறு, மாலை ஐந்தரை. இட்லி சாப்பிட்டுவிட்டு, பெரிய டம்ளர் நிறையத் தண்ணீரோடு விழுங்குங்கள். பால் வேண்டாம், மருந்து உடம்பில் சேராது. அரை மணி நேரம் படுக்காதீர்கள். நேற்றுப் போல மாத்திரை மீண்டும் தொண்டையில் ஒட்டினால் புண்ணாகிவிடும்.

இன்னும் நான்கு நாள். பாதியில் நிறுத்தினால் உண்ணிக் காய்ச்சல் திரும்பும்.

இந்துமதி

வெயிலில் உட்காராதீர்கள். இந்த மாத்திரைக்குத் தோல் சிவந்துபோகும்.

இன்னொன்று. ஆறு மணிக்குப் பொழுது இறங்கிவிடும். விழுங்கியதும் போன் பண்ணுங்கள். அதுவரை நானும் பச்சைத் தண்ணீர் தொடமாட்டேன். ஆறு தாண்டினால் எனக்கும் நாளைக் காலைதான்.