சின்னப்பா இன்னும் டிக்கெட் எடுக்கவில்லை

சேசு மரி சூசை துணை

ஒக்கலிபுரம்,
ஞாயிறு, பூசை முடிந்து வந்து.

அன்புள்ள பெட்டிக்கு,

ரெமி எழுதுவது. நான் நலம். வீட்டில் இருக்கும் இன்னொரு பெட்டியும் நலம். மெல்போர்னில் நீயும் லீனாவும் மாப்பிள்ளையும் பேத்தியும் சுகமாக இருக்க வேண்டிக்கொள்கிறேன்.

தினமும் போனில் முகம் பார்க்கிற மனுஷனுக்குக் கடிதம் எதற்கு என்று சிரிப்பாய். சிரி. போனில் நான் வாயைத் திறந்தால் குழந்தை அழுகிறது. இல்லையென்றால் லீனா நடுவில் வந்து, மாத்திரை போட்டீங்களாப்பா என்கிறாள். உன்னிடம் மட்டும் பேச வழியே இல்லை. பக்கத்து வீட்டு ஃபிராங்க்ளின் தன் மகனைப் பார்க்க அடுத்த வாரம் அங்கே வருகிறான், அவன் கையில் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். ஊறுகாயும் கொடுக்கலாம் என்றால் ஏர்போர்ட்டில் பிடித்துக்கொள்வார்கள் என்று நடுங்குகிறான், பயந்தாங்கொள்ளி.

உன் ரோஜாத் தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றுகிறேன். ஒன்று போய்விட்டது. எது என்று கேட்காதே.

அம்மா இன்னும் ஒரு வருஷம் இங்கேயே இருக்கட்டுமாப்பா என்று லீனா கேட்டதற்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. தெரியும். அதற்குத்தான் வருகிறேன். முதலில் கம்ப்யூட்டர் கதையைக் கேள்.

அதை லீனா படிப்புக்காக வாங்கிய நாள் நினைவிருக்கிறதா? கொண்டுவந்த ஆள் வாசலில் நின்று, பெட்டியை எங்க சார் வைக்கணும் என்று கத்தினான். நீ கரண்டியோடு வெளியே வந்து, என்னை எங்கயும் வைக்க வேணாம், நான் இங்கயேதான் இருப்பேன் என்றாய். உன் பேரே பெட்டி என்று தெரியாமல் அந்த ஆள் முழித்த முழி! அன்றிலிருந்து அதுவும் இந்த வீட்டில் ஒரு பெட்டி.

நான் ரிடையர் ஆகி எல்லோர் மேலும் எரிந்து விழுந்துகொண்டிருந்தபோது, தொல்லை தாங்காமல் லீனா அதில் பஸ் ஓட்டும் கேமைப் போட்டுக் கொடுத்தாள். வண்டியா அது? விக்கல் எடுத்தது மாதிரி நின்று நின்று போகும். நம் பெட்டிக்குக் கிராஃபிக்ஸ் பத்தாது என்று சொல்லி அவள் மரங்களை எடுத்தாள், மற்ற வண்டிகளை எடுத்தாள், கடைசியில் பயணிகளையும் எடுத்துவிட்டாள். ஹெப்பகோடிக்கு முப்பது வருஷம் கம்பெனி பஸ் ஓட்டினவன், ஆளே இல்லாத ஊரில் காலி பஸ் ஓட்டினேன். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை.

நீதான் நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாய். மடியில் முறம், முறத்தில் அவரைக்காய். நான் பாட்டுக்கு ஓட்டிக்கொண்டிருக்கும்போது திடீரென்று ‘ஓல்டான்’ என்றாய். பிரேக் போட்டுவிட்டேன். என்னடி என்றால், ஆள் ஏறுறாங்க இல்ல, கண்ணு தெரியலையா உங்களுக்கு என்றாய். அவரைக்காயை உரித்துக்கொண்டே ரைட் கொடுத்தாய். கம்பெனி பஸ்ஸில் கண்டக்டர் ஏது? என் வாழ்க்கையில் எனக்கு ரைட் சொன்ன முதல் கண்டக்டர் நீதான், பெட்டி.

அது ஏதோ வெளிநாட்டு ஊர். நீ அதன் ஸ்டாப்புகளுக்கெல்லாம் மெஜஸ்டிக், மடிவாளா, சந்தாபுரா என்று நம் ஊர் ஸ்டாப்புகளின் பேரை வைத்தாய். காலி பஸ்ஸில் கோழிக்கூடையோடு ஒருத்தி ஏறுவாள். புருஷனோடு சண்டை போட்டுக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போகிற ஷோபா ஏறுவாள். மடிவாளாவில் சின்னப்பா ஏறுவார், டிக்கெட் எடுக்கவே மாட்டார். ‘சின்னப்பா, இவத்தாத்ரூ டிக்கெட் தகொள்ரீ’, இன்னைக்காவது டிக்கெட் எடுங்க என்று தினமும் அவரிடம் கன்னடத்தில் கெஞ்சுவாய். நான் அவரை இறக்கிவிடலாம் என்பேன். வயசானவரு, போனா போகுது என்பாய். எத்தனை சிரித்திருக்கிறோம்!

நீ போன பிறகு அந்தப் பக்கமே போகவில்லை. ஒரு நாள் உட்கார்ந்தால் விக்கல் இன்னும் மோசம். பொறுக்கவில்லை. கம்ப்யூட்டர் சாமான் விற்கிற எஸ்.பி. ரோடுக்குப் போனேன். ஸ்ரீஹர்ஷா என்று ஒரு கடைக்காரர், உங்க பொட்டி சின்னது சார், பெரிய கார்டு உள்ள போகாது, கரண்டும் தாங்காது என்று சொல்லி, பாதி உயரத்தில் ஒரு கிராஃபிக்ஸ் கார்டு கொடுத்தார். எப்படி மாட்டுவது என்றும் சொன்னார். மாட்டினேன். அதே விக்கல்! ஏமாற்றிவிட்டான் என்று போனில் உன்னிடம் அந்த மனுஷனை வாய்க்கு வந்தபடி திட்டினேன் அல்லவா? நீதான் பெட்டியின் பின்பக்கத்தைக் காட்டச் சொன்னாய். அவரை ஏன் திட்டறீங்க, மானிட்டர் ஒயரு பழைய ஓட்டையிலயே இருக்கு பாருங்க, கீழ புதுசா இருக்கே அதுல குத்துங்க என்றாய். துணியால் துடைத்துத் துடைத்து உனக்கு அதன் முதுகு மனப்பாடம். பாவம், புதுக் கார்டு உள்ளே சும்மா உட்கார்ந்திருந்திருக்கிறது. அதற்குள் குழந்தை அழுதது, நீ போனை வைத்துவிட்டாய்.

அதன் பிறகு நடந்தது உனக்குத் தெரியாது. வண்டி வெண்ணெய் மாதிரி போனது. லீனா எடுத்து வைத்ததையெல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்பப் போட்டேன். மரம் வந்தது. கடைசியில் பயணிகளையும் போட்டுவிட்டு வண்டியை எடுத்தேன்.

மாதாவே! ஸ்டாப்பில் ஆள் நிற்கிறார்கள், பெட்டி. ஒருவர் இருவர் இல்லை, கும்பல். ஏறுகிறார்கள், உட்காருகிறார்கள், கண்ணாடியில் முகம் தெரிகிறது. பெட்டீ, ஆள் வந்தாச்சு என்று சமையல்கட்டைப் பார்த்துக் கத்திவிட்டேன். அப்புறம்தான் உறைத்தது. பஸ் நிறைய ஆள், ஒருவர் பேரும் எனக்குத் தெரியவில்லை. யார் யாரோடு சண்டை, யார் எங்கே இறங்க வேண்டும், ஒன்றும் தெரியவில்லை. அணைத்துவிட்டு எழுந்துவிட்டேன். காலி பஸ்ஸே நன்றாக இருந்தது.

லீனாவும் பாவம்தான். கைக்குழந்தையை விட்டுவிட்டு வேலைக்குப் போக வேண்டும். இருக்கட்டும் என்று சொன்னால் நான் நல்ல அப்பன். ஆனால் வாய் வரவில்லை. உன்னைக் கேட்டால் ‘உங்க இஷ்டம்’ என்கிறாய். அது என்ன பதில்? டிரைவர் இஷ்டத்துக்கு வண்டியை எடுக்கக் கூடாது என்று என்னை அதட்டினவள் நீதானே? மறைத்து என்ன ஆகப் போகிறது, நீ இல்லாமல் எனக்குப் பிடிக்கவில்லை. சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், பிடிக்கவில்லை. ஆனாலும் பேத்தியோடு இருக்கத்தான் உனக்கு ஆசை என்றால் இரு. நான் முகத்தைத் தூக்க மாட்டேன், சத்தியம். ஓல்டானா, ரைட்டா, நீதான் சொல்ல வேண்டும்.

குழந்தையின் நெற்றியில் எனக்காக ஒரு சிலுவை போடு. மாதா உங்கள் எல்லோரையும் பத்திரமாக வைத்திருக்கட்டும்.

ஒன்றே ஒன்று கேட்க வேண்டும். நேற்று மறுபடி ஓட்டிப் பார்த்தேன். நீ மடிவாளா என்று பேர் வைத்த ஸ்டாப்பில் ஒரு பெரியவர் ஏறினார். வெள்ளைச் சட்டை, கக்கத்தில் பை. நேராக வந்து என் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டார், டிக்கெட் எடுக்கவில்லை. சின்னப்பாவாக இருக்குமோ? நான் அவரைப் பார்த்ததில்லை, உனக்குத்தான் அவரைத் தெரியும். வண்டியை அங்கேயே நிறுத்தி வைத்திருக்கிறேன். நீ வந்து பார்த்துச் சொல்.

உன் டிரைவர்,
ரெமிஜியஸ்